மயிலிறகு வைத்த நோட்டு



பொங்கல் விடுமுறையில் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். அடுக்கு அமைப்புள்ள உலோக பாஸ்போனேட்டுகளில் ஆராய்ச்சி செய்கிறாளாம். "அப்படின்னா என்னம்மா?" என்றேன். அவள் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

1950களில் அணுசக்தித் துறைக்கு ஒரு சிக்கல். கதிரியக்கம் கலந்த சூடான நீரைச் சுத்தப்படுத்தும் பிசின்கள் சூட்டிலும் கதிர்வீச்சிலும் கெட்டுப்போயின. மாற்றாகச் சிர்கோனியம் பாஸ்பேட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அது வெறும் கூழ். ஒருமுறை வந்ததுபோல் மறுமுறை வராது.

அமெரிக்காவில் ஆபிரகாம் கிளியர்ஃபீல்டும் ஸ்டைன்ஸும் அந்தக் கூழைப் பாஸ்பாரிக் அமிலத்தில் விடாமல் கொதிக்க வைத்தார்கள். பாகு கற்கண்டாவதுபோல் கூழ் படிகமாயிற்று. 1964-இல் அதை வெளியிட்டார்கள். 1969-இல் அதன் உள்ளமைப்பும் தெரிந்தது: தாள் தாளாக அடுக்குகள்! ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு 7.6 ஆங்ஸ்ட்ராம். ஒரு மீட்டரை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்.

1978-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் ஜூலியோ அல்பெர்த்தி குழுவினர், பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதிலாகப் பென்சீன் வளையம் கொண்ட பீனைல் பாஸ்போனிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். வளையங்கள் அடுக்குகளின் இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்க, இடைவெளி ஏறக்குறைய 15 ஆங்ஸ்ட்ராம் ஆனது. அடுக்கு குலையவில்லை. நோட்டுக்குள் மயிலிறகு வைப்பீர்களே, அதுபோல. தாள் அதே தாள், இடைவெளிதான் கூடும்.

பிறகு துத்தநாகம் போன்ற உலோகங்களிலும் செய்து பார்த்தார்கள். துத்தநாக பீனைல் பாஸ்போனேட்டைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். காலியான இடத்தில் அமீன் மூலக்கூறு வந்து அமரும். இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான் என் மாணவி ஆராய்கிறாள்.

கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மூன்றாம் வகுப்பில் என்னை 'மெல்லக் கற்பவர்' பட்டியலில் எழுதினீங்க டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் நான்தான் எழுதினேன். அந்தக் கூழுக்குக் கொடுத்த நேரத்தைக்கூட எத்தனை பிள்ளைகளுக்கு நான் கொடுக்கவில்லையோ! அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த டீச்சரை மன்னித்துவிடுங்கள். ஒருமுறை வீட்டுக்கும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்