காவற்பாதை பொதுப்பாதையான வரலாறு

மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில், ஸ்பெயின் நாட்டுக்கு உரிய பலேயாரிக் தீவுகளுள் ஒன்று மெனோர்க்கா. பரப்பு ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர். கரையோரமாகத் தீவு முழுவதையும் ஒருமுறை வலம்வரும் நடைபாதை ஒன்று அங்கு உண்டு. நீளம் 185 கிலோமீட்டர். 'காமி தெ கவால்ஸ்', அதாவது 'குதிரைப் பாதை' என்பது அதன் பெயர். இன்று காலார நடப்போர் விரும்பி நாடும் அப்பாதை இன்பத்துக்காக எழுந்ததன்று; அச்சத்தினால் எழுந்தது.

1287ஆம் ஆண்டு அரகோன் அரசர் மூன்றாம் அல்போன்சோ இத்தீவைக் கைப்பற்றினார். அதுவரை அங்கு வாழ்ந்த இசுலாமிய மக்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். வென்றவரின் கொடியில் சிலுவை இருந்தது என்பதற்காக அக்கொடுமையை நாம் மறைத்தல் தகாது. பின்னர், மானியமாக நிலம் பெற்றோர் போர்க்குதிரையும் படைக்கலமும் வைத்திருந்து தீவைக் காக்கக் கடமைப்பட்டனர். கடற்கரையைச் சுற்றிவந்த காவற்குதிரைகளின் நினைவையே பாதையின் பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது.

ஆயினும் காவலையும் மீறி இடர் வந்தது. 1558ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒட்டோமானியக் கப்பற்படை மேற்குக் கரையிலுள்ள சியுதாதெல்லா நகரை முற்றுகையிட்டு அழித்தது. 3,000-த்துக்கும் மேற்பட்ட மக்கள் கான்ஸ்தாந்திநோபிளுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டனர். அங்குச் சிறைப்பட்டிருந்தோர் அதே ஆண்டு அக்டோபரில் தம் நகரின் வீழ்ச்சியை ஆவணமாக எழுதிவைத்தனர். ஆண்டுதோறும் ஜூலை 9ஆம் நாள் அவ்வாவணம் சியுதாதெல்லாவில் உரக்க வாசிக்கப்படுகிறது. ஒரே கரை, இரு சமயத்தவரின் கண்ணீரையும் அது கண்டிருக்கிறது.

அப்பாதையில் நடப்பவர் காணும் காட்சிகள் பல. வடகரையில் கருமையும் செம்மையும் கலந்த பாறைகள். பிரெகோந்தாக் குடாவில் மணலே செந்நிறம். தென்கரையிலோ வெண்சுண்ணப் பாறைகளும், அவற்றை அறுத்துக் கடலை அடையும் பள்ளத்தாக்குகளும், பைன் மரங்கள் நிழலிடும் வெண்மணல் குடாக்களும். தெற்கே சோன் போ கடற்கரையின் ஓரத்தில், அலைகள் எட்டும் தொலைவிலேயே, தொடக்கக் காலக் கிறிஸ்தவப் பேராலயம் ஒன்றின் அடித்தளம் கிடக்கிறது. 1951ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அவ்விடத்தில், ஒரே கல்லில் குடைந்த திருமுழுக்குத் தொட்டி இன்றும் உள்ளது. கூரை போயிற்று, கூடியவர்களும் போயினர், தொட்டி மட்டும் வானத்து மழையை ஏந்தி நிற்கிறது.

கடற்கொள்ளை அச்சம் நீங்கியபின் பாதை தன் பயனை இழந்தது. அது கடந்து சென்ற பண்ணை நிலங்கள் பலவற்றில் வாயில்கள் பூட்டப்பட்டன. முன்னோர் நடந்து தேய்த்த வழியில் பிள்ளைகள் நடக்க இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தீவு மக்கள் பலர் ஒன்றுகூடி நடந்தே தம் உரிமையைக் கேட்டனர். 2000ஆம் ஆண்டு பலேயாரிக் நாடாளுமன்றம் அப்பாதையில் பொதுமக்கள் செல்லும் உரிமையைச் சட்டமாக்கியது. செப்பனிடும் பணிகளுக்குப் பின் 2010ஆம் ஆண்டு முழுப்பாதையும் திறக்கப்பட்டது. நிலம் உரியவரிடமே இருக்கலாம்; வழி அனைவருக்கும் உரியது.

பாதை நெடுகிலும் காட்டு ஒலிவ மரத்தின் வளைந்த கிளைகளால் செய்த வாயில்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பூட்டு இல்லை. எவரும் திறக்கலாம், ஆனால் கடந்தபின் சாத்திவிட்டே செல்ல வேண்டும். அப்பால் பிறருடைய மாடுகள் மேய்கின்றன. அன்று குதிரைவீரன் அந்நியனைத் தடுக்கக் காவல் புரிந்தான். இன்று அந்நியனே, தனக்கு வழிவிட்ட உழவனின் மந்தைக்குச் சிறிது நேரம் காவலனாகிறான். ஒரு காவற்பாதை பொதுப்பாதையாக மாறியதன் முழுப்பொருள் அந்த எளிய மரவாயிலில் அடங்கியிருக்கிறது.