மூன்று சிலிங் வரியும் மாத்தளை மலையும்

ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

டித்வா புயலுக்குப் பிறகு பாடசாலை மீண்டும் தொடங்கியபோது தரம் 10 வகுப்பில் பாடம் நடத்த மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கும் கேட்க மனமில்லை. மழை, மண்சரிவு, யாருடைய வீடு போனது என்பதுதான் பேச்சு. நானும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி, "காலநிலை மாறுகிறது, மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை, எல்லோருக்கும் பொறுப்பு இருக்கிறது" என்று சொல்லி வைத்தேன். எங்கள் பாடசாலைக்குத் தோட்டப் பக்கத்திலிருந்தும் சில பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒருத்தி, லயன் காம்பராவை விட்டு முகாமுக்குப் போய் வந்தவள், எழும்பிக் கேட்டாள்: "எல்லாருக்கும்னா, எல்லாருக்கும் ஒரே மாதிரியா சேர்?"

மணி அடித்தது, தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தக் கேள்வியை நம்முடைய மாத்தளை 1848இலேயே கேட்டிருக்கிறது. டவுனில் வீர புரன் அப்புவின் நினைவுத் தூபியைத் தாண்டித்தானே எல்லோரும் போகிறோம். அவர் ஏன் கிளம்பினார் என்று கேட்டால், "வெள்ளைக்காரன் நாய்க்கும் வரி போட்டான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். நாய் வரி உண்மைதான். ஆனால் கதை அதற்கு முன்னால், ஒரு கோப்பைக் கோப்பியில் தொடங்குகிறது.

1830களில் இங்கிலாந்தில் கோப்பி குடிக்கும் பழக்கம் பெருகியிருந்தது. அதுவரை அவர்களுக்குக் கோப்பி பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து, அடிமைகளின் உழைப்பில் வந்தது. அடிமை முறை ஒழிந்ததும் அங்கே விளைச்சல் விழுந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே இறக்குமதித் தீர்வை என்று ஆக்கினார்கள். அவ்வளவுதான், பணம் வைத்திருந்தவனெல்லாம் கண்டி, மாத்தளை மலைகளை நோக்கி ஓடி வந்தான். தோட்டம் போடக் காணி வேண்டும். காணியோ ஊர் மக்களின் சேனை, மேய்ச்சல், காடு. அதற்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியது, இல்லை என்றால் நீ உறுதியைக் காட்டு என்றது அந்தச் சட்டம். பரம்பரையாகச் சேனை வெட்டியவனிடம் எங்கே உறுதி இருக்கும்? அப்படி எடுத்த காணியை ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் ஆளுநர், நீதிபதி, அரசாங்க அதிபர், இராணுவ அதிகாரி எல்லோரும் இருந்தார்கள். சட்டம் போட்டவனே காணி வாங்குகிற காலம்! அந்தக் காலம் என்று மட்டும் சொல்ல முடியாதுதான், அது வேறு கதை.

காட்டை எப்படி வெட்டினார்கள் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மலையின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிக்கொண்டே போவார்கள். மரம் விழாது, நிற்கும். உச்சிக்குப் போனதும் மேல் வரிசை மரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழே நிற்கிறதன் மேல் விழும், அவை அதற்குக் கீழே நிற்கிறதன் மேல். முழு மலைச்சரிவும் ஒரே இரைச்சலோடு படுத்துவிடும். பிறகு காய விட்டு நெருப்பு வைப்பார்கள். பெரும்பாலான மரத்தை விற்கக்கூட இல்லை, இறக்கிக்கொண்டு போகப் பாதை கிடையாது. நூற்றுக்கணக்கான வருடம் நின்ற மரம் சில நாட்களில் புகையாகப் போனது. இன்று நாம் கார்பன் வெளியேற்றம் என்று சொல்வது எல்லாம் புகைக்குழாயும் சைலன்சரும் மட்டுமல்ல. 1850 முதல் இன்றுவரை மனிதர்களால் வளிமண்டலத்துக்குப் போன கார்பனீரொட்சைட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இப்படிக் காடழித்ததாலும் நிலத்தைப் புரட்டியதாலும் வந்ததுதான். அந்தக் கணக்கில் நம் மலைகளும் இருக்கின்றன. ஆனால் அதை யார் பெயரில் எழுதுவது? மரம் நின்ற நாட்டின் பெயரிலா, கோப்பி குடித்த நாட்டின் பெயரிலா?

மரத்தை வெட்டிய கை யாருடையது என்றும் கேட்க வேண்டும். காடு வெட்டியதில் கிராமத்துச் சிங்கள மக்களும் இருந்தார்கள். தோட்ட வேலைக்கு வந்தவர்கள் தென்னிந்தியத் தமிழர்கள். அவர்கள் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக நடந்து, தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதி, காய்ச்சல், பட்டினி. 1841 முதல் 1848 வரை இறந்தவர்கள் 70,000 பேர் இருக்கலாம் என்று அந்தக் காலக் கொழும்புப் பத்திரிகையே எழுதியது. இன்று நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிற ஏ9 பாதையை ஒட்டித்தான் அந்த வழி போனது. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் தொடக்கமும் அந்த நடைப் பயணத்தோடு பின்னியதுதான். அன்று கேள்வி கேட்ட பிள்ளை அந்த வழியில் வந்தவர்களின் வாரிசு.

சரி, நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்டி இராச்சியக் காலத்தில் முஸ்லிம்களில் பலர் மடிகே என்ற பிரிவில் தவள மாடுகள் வைத்திருந்தவர்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு வரும், மலையிலிருந்து பாக்கு போகும். கோப்பிக் காலம் வந்ததும் நம்மவர்கள் அந்த வியாபாரத்திலும் இறங்கினார்கள். ஊர் ஊராகப் போய்க் கிராமத்தாரின் தோட்டத்துக் கோப்பியை வாங்கினார்கள், துணிக்கும் உப்புக்கும் மாற்றாகவும் வாங்கினார்கள். 1880இல் மாத்தளைக்கு ரயில் வரும்வரை பாரமெல்லாம் மாட்டின் முதுகிலும் வண்டியிலும்தானே போனது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிராமத்தார் கோப்பி வளர்த்ததற்குக் காட்டை எரிக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பலா, கமுகு, மிளகுக் கொடி, அதன் நிழலில் கோப்பி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதியில் கணிசமான பங்கு இப்படி வீட்டுத் தோட்டங்களிலிருந்து போனதுதான். இலண்டனில் குடித்தவனின் கோப்பைக்குள் இரண்டும் கோப்பிதான். ஒன்று ஒரு மலையை மொட்டையாக்கி வந்தது, மற்றது பலா மரத்தின் நிழலில் வந்தது. ஆனால் தோட்டக் கோப்பிக்குத்தான் நல்ல விலை. கிராமத்துக் கோப்பி தரம் குறைவு என்று சொல்லிக் குறைத்துத்தான் வாங்கினார்கள். விலைச் சீட்டில் மலைக்கு என்ன நடந்தது என்று எழுதியிருக்காது. இன்றைக்கும் எழுதுவதில்லை.

இனி 1848. ஐரோப்பாவில் பொருளாதார நெருக்கடி, கோப்பி விலை விழுந்தது, அரசாங்கத்தின் கையில் காசில்லை. ஆளுநர் டொரிங்டன் பிரபு புதிய வரிகளைக் கொண்டு வந்தார். துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு, எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பாதை வரி. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் பாதை வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும். பிக்குமாருக்கும் விலக்கில்லை என்றிருந்தார்கள். தோட்டத் துரைக்கும் மூன்று சிலிங், வயலில் இருக்கிறவனுக்கும் மூன்று சிலிங். கடுதாசியில் பார்த்தால் என்ன நீதியான வரி! எல்லோருக்கும் ஒரே அளவு. ஆனால் அந்தப் பாதைகள் யாருடைய மூட்டையைக் கீழே இறக்கின? கோப்பித் தோட்டங்களுடையதை. அதே காலத்தில் கோப்பி ஏற்றுமதித் தீர்வையை எடுத்தும்விட்டார்கள்.

ஜூலை 26இல் தம்புள்ளையில் கொங்கலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள். இரண்டு நாளில் கூட்டம் மாத்தளைக்குள் வந்தது. ஆங்கிலேயர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார்கள். ஆகஸ்ட் 8இல் கண்டி போகம்பரையில் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். அடக்கிய விதம் அளவு மீறியது என்று இலண்டன் பாராளுமன்றத்தில் விசாரணை வந்து, 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். சமமாகப் பங்கு போடுவதும் நீதியாகப் பங்கு போடுவதும் ஒன்றல்ல என்று மாத்தளை அன்றே உயிரைக் கொடுத்துச் சொன்னது.

கோப்பியின் முடிவு உங்களுக்குத் தெரியும். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. ஆய்வு செய்ய வந்த மார்ஷல் வார்ட், இடைவெளியே இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டதே நோய் பரவக் காரணம் என்று கண்டார். 1870களின் கடைசியில் ஏறக்குறைய 275,000 ஏக்கராக இருந்த கோப்பி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெயரளவுக்குச் சுருங்கியது. இடத்தைத் தேயிலை பிடித்தது. நம் பக்கம் கொக்கோவும் இறப்பரும் சேர்ந்தன. நக்கிள்ஸ் உச்சி தப்பியதற்குக் காரணம், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் வற்புறுத்தலால் 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை விற்பது நிறுத்தப்பட்டதுதான். அதையும் ஏலக்காய்க்காகப் பிறகு நாமே கீழ்ச்செடிகளை வெட்டி, காய வைக்க விறகெடுத்து, பாதி கெடுத்தோம். 2000இல் பாதுகாக்கப்பட்ட காடாக ஆனது, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். 1850 அளவில் உலகம் முழுவதிலும் எரித்த நிலக்கரிப் புகையில் பாதிக்கு மேல் பிரித்தானியா என்ற ஒரே நாட்டினுடையது. இதுவரை எரிபொருளால் சேர்ந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. இன்று வருடத்துக்கு ஓர் அமெரிக்கர் சுமார் 14 தொன் கார்பனீரொட்சைட்டுக்குக் காரணம். உலக சராசரி ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவு. இலங்கையர் ஒருவருக்கு ஒரு தொன் அளவுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் ட்ரைவராகவும் சமையல்காரராகவும் போயிருக்கிற கத்தாரில் 35 தொன்னுக்கும் மேல். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் மழை கொட்டியது எங்கே? கம்மடுவ மலையில், உக்குவளையில், றத்தோட்டையில். நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள், இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ ஏழு வீதம் அதிகமாக நீராவியைச் சுமக்கும் என்பது விஞ்ஞானம். சுமந்ததை எங்காவது கொட்டத்தானே வேண்டும்.

1992இல் ரியோவில் உலக நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலேயே இது இருக்கிறது: பொறுப்பு பொதுவானது, ஆனால் அளவு வேறு வேறு. 2022இல் எகிப்தின் ஷர்ம் அல் ஷெய்க்கில் இழப்பு, சேத நிதியம் ஒன்றை அமைக்கச் சம்மதித்தார்கள், அடுத்த வருடம் டுபாயில் அதைத் தொடக்கி வைத்தார்கள். விழுந்த சேதத்துக்கு முன்னால் அதில் போட்ட காசு மிகச் சிறியது. இதைக் கேட்பது பிச்சையல்ல, கணக்குக் கேட்பது.

இங்கே நிறுத்தினால் எனக்கு வசதி. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் "இலங்கையருக்கு ஒரு தொன்" என்ற சராசரிக்குள்ளும் ஒரு மூன்று சிலிங் விளையாட்டு இருக்கிறது. லயனில் ஒரு பல்பும் ஒரு டிவியும் வைத்திருக்கிற குடும்பமும், இரண்டு வாகனமும் மூன்று ஏசியும் வைத்திருக்கிற வீடும் அந்தச் சராசரியில் ஒன்றுதான். நம் கலியாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். சஹனில் மிஞ்சிய புரியாணி எங்கே போகிறது? வீண்விரயத்தைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு அன்று பின்னேரமே அதைச் செய்கிறோம்.

மற்றவர்களைச் சொல்வானேன். நான் நான்கு வருடத்துக்கு முன் வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பெக்கோ போட்டு வெட்டினேன். இரண்டு பலா, ஒரு சாதிக்காய், என் உம்மாவின் வாப்பா நட்ட கோப்பி நாலைந்து எல்லாம் போனது. அனுமதி எடுத்தாயா என்று கேட்காதீர்கள். நவம்பர் 27 இரவு அந்த மேட்டிலிருந்து மண் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், எங்கள் சுவரோடு நின்றது. கொஞ்சம் திரும்பியிருந்தால் கீழ்வீட்டில் தூங்கியவர்கள் மேல் போயிருக்கும். வெட்டியது நான், அடி விழ இருந்தது அவர்களுக்கு. அந்த வீட்டு நானா இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் போல ஸலாம் சொல்லிக்கொண்டு போகிறார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. இந்த மாதம் அணைச்சுவர் வேலை தொடங்குகிறேன், செலவு முழுவதும் என்னுடையது.

அந்தப் பிள்ளைக்கு அடுத்த பாடத்தில், "இல்லை மகள், ஒரே மாதிரி இல்லை" என்று சொன்னேன். பாதை வரிக் கதையையும் சொன்னேன், என் மண்மேட்டுக் கதையையும் சொன்னேன். வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. பிறகு எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, முன்பு தங்கள் வளவில் நின்ற மரங்களின் பெயரையும் இன்று நிற்கிறவற்றையும் எழுதி வர வேண்டும். தோட்டப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டி காலத்து லயனைச் சுற்றி எழுதலாம். பெற்றோர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால் போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். யாரிடமாவது பழைய உறுதி, காணி வரைபடம், தவள மாட்டுக் காலத்துக் கதை இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.