ரோதை முனியும் மாரியம்மனும்

இலங்கை மலையகத்தின் தேயிலை ஸ்டோர்களில் (ஆலைகளில்) இயந்திரங்களைக் காப்பதற்கென்றே ஒரு தெய்வம் உண்டு. பெயர் ரோதை முனி. செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பருவம் வந்தால் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போடுவார்கள். இந்தச் சாமிகளை எந்தப் புராணமும் பாடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கூடவே வந்தவையும் அல்ல. சுழலும் சக்கரத்துக்கும் வழுக்கும் சரிவில் வீசும் கத்திக்கும் நடுவே பிழைக்க வேண்டியிருந்த மக்கள், தங்கள் வேலைத்தலத்திலேயே கண்டெடுத்த காவல் தெய்வங்கள் இவை.

அந்த மக்களின் கதை 1820களில் தொடங்குகிறது. ஆங்கிலேயர் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டம் போட்டபோது, திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டவர்கள் ஆள்பிடித்த கங்காணிகளின் பின்னால் கிளம்பினார்கள். தோணியில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கியதும் காட்டுவழி. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சுமார் 250 கிலோமீட்டர், அத்தனையும் கால்நடையாகவே. காலராவும் மலேரியாவும் கூடவே வந்தன. வழியில் விழுந்தவர்களைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு முழுக் கணக்கு ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

கொள்ளைநோயிலிருந்து காக்கிறவள் மாரியம்மன். ஊரில் அம்மை கண்டாலும் பேதி கண்டாலும் அவளைக் கூப்பிட்டே பழகிய சனம், காட்டுவழியிலும் அவளைத்தான் கூப்பிட்டது. அந்த நடைபாதை மலைநாட்டைத் தொடும் வாசல் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் எழுந்ததில் வியப்பில்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது.

தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது லயம் என்ற வரிசை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம். அறை தோட்டத்துக்குச் சொந்தம். கோப்பிச் செடியும், நோய் அதை அழித்த பிறகு நட்ட தேயிலையும் தோட்டத்துக்குச் சொந்தம். கடன் துண்டுச்சீட்டில் நிற்கும்வரை ஆளும் கங்காணிக்குச் சொந்தம் போலத்தான்; 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. ஆற்றோரத்து மரத்தடியில் நட்ட கல் ஒன்றுதான் அவர்களுடையது. அந்தக் கல் கொட்டகையாகி, பிறகு கோயிலானது. செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பெயர் உள்ள ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் கோயிலுக்கென்று ஒரு தொகை பிடிக்கும் வழக்கம் தோட்டங்களில் நிலைத்தது. கொழுந்து பறித்த கைகளின் காசில் தேர் ஓடியது.

திருவிழா என்றால் தப்பு அதிரும். கரகம் எடுப்பார்கள். தேர் லயத்துக்கு லயம் நின்று போகும். பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடக் காத்து நின்றவர்கள், அன்று தங்கள் வாசலில் தெய்வத்தை வரவேற்கும் வீட்டுக்காரர்கள். மாசியில் காமன் கூத்து. எரிந்த காமன் திரும்ப எழும் அந்தக் கதையை ஊரே சேர்ந்து ஆடும்.

தோட்டத் துரைமார் கோயிலுக்கு இடம் கொடுத்ததும் விழாவுக்கு விடுமுறை விட்டதும் வெறும் பக்தியால் அல்ல. கோயில் இருந்தால் ஆள் தோட்டத்தை விட்டு ஓட மாட்டான் என்ற கணக்கும் இருந்தது. முதல் மரியாதையும் பெரும்பாலும் பெரிய கங்காணிக்குத்தான். ஊரிலிருந்த சாதி வரிசை கோயில் வாசலிலும் வந்து நின்றது. இதையெல்லாம் மறைப்பதில் நியாயமில்லை. ஆனால் தொழிலாளியின் பக்தியை அடிமைப்படுத்தும் மயக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம். தங்கள் காசைக் கூட்டி, தாங்களே கூடிப் பேசி, தாங்களே நடத்திய முதல் பொதுக்காரியம் அந்தக் கோயில்தான்.

கோயிலோடு அவர்களுக்கு இருந்த பிடி எவ்வளவு வலுவானது என்பது 1948க்குப் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் என்றானது. நீலகிரிக்குப் போய்த் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள் அங்கும் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள்.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளைக் கோயிலும் தாக்கப்பட்டது. மக்கள் அதை மறுபடி எழுப்பினார்கள். இன்று அதன் இராசகோபுரம் 108 அடி உயரம். மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதி வருகின்றன. நாடற்று எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 2023இல், மலையகத் தமிழரின் 200 ஆண்டை நினைத்து, முன்னோர் நடந்த அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தார்கள்.

கோபுரங்களுக்குக் கல்வெட்டு உண்டு. ரோதை முனிக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் அது இல்லை. அவற்றின் பூசைமுறையும் வேண்டுதல்களும் பெரும்பாலும் முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. தோட்டப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.