காரின் முள் சொல்வதெல்லாம் உண்மையா?



போன மாதம் மாமாவின் காரில் திருச்சி போகும்போது ஒரு சின்னத் தகராறு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டியது. என் போனில் இருந்த ஜி.பி.எஸ். 94 என்றது. "உன் போன் சரியில்லடா" என்றார் மாமா. கம்பெனியிலேயே போட்டுக் கொடுத்த மீட்டர் தப்பாகக் காட்டுமா என்பது அவர் வாதம். வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேட ஆரம்பித்தவன், இன்டர்னல் தேர்வை மறந்துவிட்டுப் படித்துக்கொண்டே இருந்தேன். பி.காம். படிப்பவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். படிக்கப் படிக்க இது எங்கள் அக்கவுன்டன்சி பாடம் மாதிரியே இருந்தது, அதான் இந்தப் பதிவு.

கார் வந்த புதிதில் வேகம் காட்டும் முள்ளே கிடையாது. அதற்குத் தேவை வந்தது சட்டத்தால். 1901இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் நகரத்துக்குள் மணிக்கு 12 மைல் என்று வரம்பு போட்டது. 1903இல் பிரிட்டன் 20 மைல் என்றது. வரம்பு போட்டாயிற்று, ஓட்டுகிறவனுக்குத் தன் வேகம் தெரிய வேண்டாமா? 1902இலேயே ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்சே என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சக்கரத்திலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே மேலே வரும். அதன் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல் ஓர் உலோகக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதையும் கூடவே இழுக்கும். மெல்லிய ஸ்பிரிங் ஒன்று "போகாதே" என்று பின்னால் பிடிக்கும். இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அங்கே முள் நிற்கும். அவ்வளவுதான். கிட்டத்தட்ட எண்பது வருடம் உலகம் முழுக்க இதே தத்துவம்தான் ஓடியது.

சிக்கல் என்னவென்றால், காந்தம் வயதானால் பலம் குறையும், முள் குறைத்துக் காட்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். டயர் தேய்ந்தால் சக்கரம் சின்னதாகி, அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் மட்டுமே இரண்டு சதவீதம் அளவுக்கு வித்தியாசம் வரும். ஆக, துல்லியமாகக் காட்டு என்று சட்டம் போட முடியாது. எந்தப் பக்கம் தப்பலாம் என்றுதான் சொல்ல முடியும்.

ஐரோப்பாவில் 1975இல் வந்த உத்தரவும், அதன் பிறகு ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் கொண்டுவந்த 39ஆம் விதியும் அதைத்தான் செய்தன. மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது. அதிகமாகக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. நீங்கள் 100இல் போனால் 114 வரை காட்டினாலும் தப்பில்லை. மாமாவின் 94க்கு 107 வரை இடமிருக்கிறது. எங்கள் பாடத்தில் கன்சர்வேட்டிசம் என்று ஒன்று வரும். வரப்போகும் லாபத்தைக் கணக்கில் சேர்க்காதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை என்பது. ஸ்பீடோமீட்டரும் அதே ஜாதி. இன்றைய காரில் கேபிள் இல்லை, சென்சார்தான். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சரியான வேகம் ஏறக்குறையத் தெரியும். ஆனாலும் கொஞ்சம் கூட்டித்தான் வெளியே காட்டும். இந்தப் பொய்யில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஓடோமீட்டர் கதை வேறு. வேகம் போலீஸ் சமாச்சாரம், ஓடிய தூரம் பணச் சமாச்சாரம். 1987இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தின் மேல் குற்றச்சாட்டு பதிவானது. தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் கார்களின் ஓடோமீட்டரைக் கழற்றிவிட்டு மேலதிகாரிகள் ஓட்டியிருக்கிறார்கள், பிறகு மாட்டிப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். 60,000க்கும் மேற்பட்ட கார்கள். சில கார்கள் அடிபட்டு, பழுதுபார்த்து, அதுவும் புதுசாகவே போயிருக்கிறது! நிறுவனத் தலைவர் லீ அயகோக்கா பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இது முட்டாள்தனம் என்று தானே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

அது மோசடி. முள் தானாகவே கூட்டிக் காட்டினால்? அமெரிக்காவில் 2002 முதல் 2006 வரை விற்ற ஹோண்டா கார்கள் தூரத்தைக் கூட்டிக் காட்டுகின்றன என்று வழக்குப் போட்டார்கள். தொழில்துறையின் தாராளக் கணக்கில் நான்கு சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது வழக்கம். ஆனால் அந்த நான்கு சதவீதம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் வாரன்ட்டி சீக்கிரம் முடிந்துவிடுமே! கடைசியில் சமரசமாகி, சுமார் 60 லட்சம் கார்களுக்கு வாரன்ட்டித் தூரம் ஐந்து சதவீதம் நீட்டப்பட்டது. 36,000 மைல் என்பது 37,800 ஆனது. சின்ன முள், பெரிய கணக்கு :-)

என்னை உண்மையிலேயே உலுக்கியது மற்ற முட்கள்தான். 1910களில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று ஒன்று இருந்தது, ரேடியேட்டர் மூடி மேலேயே நிற்கும் தெர்மாமீட்டர். கண்ணாடி வழியாக டிரைவர் பார்த்துக்கொள்ளலாம், சூடு ஏறுவது அப்படியே தெரியும். இன்றைய பல கார்களில் டெம்பரேச்சர் முள் அப்படி இல்லை. கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் நட்ட நடுவில் அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஏன்? உண்மையைக் காட்டினால் மேட்டில் ஏறும்போது முள் ஏறும், இறக்கத்தில் இறங்கும். வாடிக்கையாளர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு வருவார்.

ஆயில் பிரஷர் இன்னும் மோசம். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு தன் பல வண்டிகளில் நிஜமான அழுத்த சென்சாரை எடுத்துவிட்டு, வெறும் சுவிட்சையும் ஒரு ரெசிஸ்டரையும் வைத்தது. அழுத்தம் ஆறேழு பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் போதும், முள் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் 10 இருந்தாலும் 50 இருந்தாலும் ஒன்றுதான். மஸ்டா மியாட்டாவில் முதலில் நிஜ மீட்டர் இருந்தது. 1995 மாடலில் அதுவும் இப்படி மாறிவிட்டது. எண்களும் முள்ளும் போட்ட ஓர் எச்சரிக்கை விளக்கு, அவ்வளவுதான். 1930களில் ஹட்சன் கம்பெனி மீட்டரை எடுத்துவிட்டு விளக்கு வைத்தது. ஓட்டத் தெரிந்தவர்கள் அப்படிப்பட்ட விளக்குகளைக் கேலி செய்து 'முட்டாள் விளக்கு' என்று பெயர் வைத்தார்கள். விளக்காவது நான் விளக்கு என்று சொல்லிக்கொண்டது.

இதற்கும் எங்கள் பாடத்தில் பெயர் உண்டு, இன்கம் ஸ்மூதிங். லாபம் வருடா வருடம் ஏறி இறங்கினால் பங்குதாரர் பதறுவார் என்று கணக்கை இழுத்துத் தட்டிச் சமமாக்கிக் காட்டுவது. நடுவில் நிற்கிற முள்ளைப் பார்த்து நிம்மதியாக ஓட்டுகிறோம். அது நகர ஆரம்பிக்கும்போது கூலன்ட் ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருக்கும். கூலன்ட் முழுதும் ஒழுகிப்போய் சென்சார் காற்றில் நின்றால் முள்ளை நம்பவே முடியாது. அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்தால் செலவு எவ்வளவு என்று மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கினேன். டெம்பரேச்சர் முள் பற்றிச் சொன்னது காதில் விழவே இல்லை. 39ஆம் விதி மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. இப்போது மீட்டரில் 106 வைத்து ஓட்டிக்கொண்டு "உண்மையில நூறுதான்டா" என்கிறார். அத்தை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.