அக்குபங்சர் படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு, ஒரே வருடத்தில் டிப்ளமோ, முடித்ததும் வீட்டிலேயே கிளினிக் வைக்கலாம்." இப்படி ஒரு விளம்பரம் பெரும்பாலான குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வந்திருக்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், பிள்ளை வளர்ப்பில் வேலையை விட்ட சகோதரிகள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் எனப் பலரும் இதில் சேரலாமா என்று கேட்கிறார்கள். சேரலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் எதைச் செய்ய அனுமதிக்கிறது என்பதைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

நம் நாட்டுக்கு இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பி.கே. பாசு. 1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் இருந்தவர் இவர். பின்னர் மீண்டும் சீனா சென்று கற்று வந்து, 1959 முதல் இங்கே சிகிச்சை அளித்தார். ஆக, இது நேற்று முளைத்த விஷயம் அல்ல.

சட்டம்தான் பலருக்குக் குழப்பம். 2003 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, பதிவு பெற்ற மருத்துவர்களும் முறையான பயிற்சி பெற்றவர்களும் அளிக்கலாம் என்றது. 2019இல் அதைத் தனி மருத்துவ முறையாகவும் அங்கீகரித்தது. மேற்கு வங்கம் 1996ஆம் ஆண்டிலும் மகாராஷ்டிரம் 2015ஆம் ஆண்டிலும் தனிச் சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. எனவே "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்த அரசு, எந்த ஆணை, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டு, தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்திருப்பது கல்விக்கான அங்கீகாரம் ஆகாது. டிப்ளமோவை வைத்துப் பெயருக்கு முன் "டாக்டர்" போடுவதும், அலோபதி மருந்து எழுதிக் கொடுப்பதும் நேரே வழக்கில் கொண்டுபோய் விடும்.

அடுத்தது பயிற்சி நேரம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில், மருத்துவர் அல்லாத ஒருவர் முழுமையான அக்குபங்சர் சிகிச்சையாளராக 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் 1,000 மணி நேரமாவது செய்முறையாக இருக்க வேண்டும் என்கிறது. ஞாயிறு வகுப்பைக் கணக்குப் போடுங்கள். வாரம் 6 மணி நேரம், வருடத்துக்கு 52 வாரம் என்றால் 312 மணி நேரம்தான். அதிலும் நோயாளியைத் தொட்டுப் பார்த்த நேரம் எவ்வளவு?

இந்த நேரம் ஏன் முக்கியம் என்றால், உடலில் குறிக்கப்பட்ட 361 புள்ளிகளை மனப்பாடம் செய்வது சிரமமான பகுதி அல்ல. மேல் முதுகிலும் மார்பிலும் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலில் துளை விழலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், கர்ப்பிணி, பேஸ்மேக்கர் வைத்தவர் ஆகியோருக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தவே கூடாது. நம்மூரில் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொடும் முறையும் பரவலாக உள்ளது. அதில் ஊசியின் ஆபத்து இல்லை, ஆனால் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "எல்லா மருந்தையும் நிறுத்து" என்று வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இன்சுலினை நிறுத்திய சர்க்கரை நோயாளியின் உயிருக்கு யார் பொறுப்பு? நாள்பட்ட முதுகு வலி, மூட்டு வலி, தலைவலி, புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் குமட்டல் போன்றவற்றில்தான் ஆய்வுகள் ஓரளவு பலன் காட்டுகின்றன. அந்த எல்லையைச் சொல்லித் தரும் ஆசிரியரைத் தேடுங்கள்.

பிளஸ் டூவில் அறிவியல் பாடம் எடுத்த பிள்ளை என்றால், பி.என்.ஒய்.எஸ். எனப்படும் இயற்கை மருத்துவம் மற்றும் யோகா பட்டப்படிப்பு நல்ல வழி. ஐந்தரை வருடம். அக்குபங்சரும் பாடத்தில் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. பிசியோதெரபி முடித்தவர்கள் அதன்மேல் அக்குபங்சர் கற்பதும் தொழிலுக்கு உதவும். சீனாவுக்கே போய்ப் படிப்பதானால், அங்கே ஊசி, மூலிகை, மசாஜ், கப்பிங் எல்லாம் சேர்ந்த ஐந்து வருடப் பட்டம் அது. அந்தப் பட்டத்தை வைத்து இங்கே எம்.பி.பி.எஸ். மருத்துவர்போலப் பதிவு செய்ய முடியாது.

வெளிநாட்டுக் கனவு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் வாரியப் பதிவும் இல்லாமல் ஊசி போட முடியாது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. துபையில் சுகாதார ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஞாயிறு டிப்ளமோவை நம்பி விசா எடுக்காதீர்கள்.

பெண் சிகிச்சையாளரிடம் மட்டுமே போக விரும்பும் பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அதனால் நன்றாகக் கற்ற சகோதரிகளுக்கு வேலை இருக்கிறது. ஹிஜாமாவையும் சேர்த்துச் செய்பவர்கள், அது ரத்தம் எடுப்பது என்பதால் கிருமி நீக்கத்தைத் தனியாகக் கற்க வேண்டும். முதல் வருடம் வாடகைக்கே வருமானம் போதாமல் போகலாம். எனவே வீட்டின் ஓர் அறையில் தொடங்குங்கள். பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்தின் கிளினிக்கில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.