கடன், விடுதலை, தள்ளுபடி: தாம்பரத்தை முன்வைத்துக் கிறித்தவக் கடன் சிந்தனை

கல்விக் கடன் தள்ளுபடி குறித்த கிறித்தவ விவாதம் பெரும்பாலும் அமெரிக்காவை ஒட்டியே அறியப்படுகிறது. 2022இல் பைடன் அரசு அறிவித்த தள்ளுபடித் திட்டத்தை 2023 சூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இவ்விவாதத்தில் ஒரு சாரார் லேவியராகமத்தின் யூபிலி ஆண்டையும், மறுசாரார் கடனைத் திருப்பித் தராதவனைத் துன்மார்க்கன் எனச் சுட்டும் 37ஆம் சங்கீதத்தையும் முன்வைத்தனர். தமிழ்ச் சூழலில் இவ்வினாவுக்கு வேறொரு வரலாறு உண்டு. அதன் ஒரு முனை தாம்பரத்தில் உள்ளது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு அருட்பணி மன்றத்தின் மாநாடு அவ்வளாகத்தில் கூடியது. 470க்கும் மேற்பட்ட பேராளர்கள் பங்கேற்றனர். சமய வரலாற்றாசிரியர்கள் இம்மாநாட்டைக் கிரேமரின் நூலுக்காகவே நினைவுகூர்வர். ஆனால் மாநாட்டுத் தொகுதிகளுள் ஐந்தாவது, திருச்சபையின் பொருளாதார அடித்தளத்தைப் பற்றியது. இளைய சபைகளின் தற்சார்பு அவற்றின் உறுப்பினர்களது வாழ்வாதாரத்திலிருந்து பிரிக்க இயலாதது என்பது ஜே. மெர்ல் டேவிஸ் வழிநடத்திய ஆய்வுகளின் அடிப்படை நோக்கு.

இந்நோக்குக்குத் தமிழகத்தில் முன்னோடி இருந்தார். இதே கல்லூரியில் பயின்ற சேலம் கே. டி. பால் (1876–1931), கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியே சிற்றூர்களில் கூட்டுறவுக் கடன் முறையைப் பரப்பியவர். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அதற்கு இடமளித்தது. கடன் கொடுத்தவரின் இரக்கத்தை அவர் எதிர்பார்க்கவில்லை; கடன் கொடுக்கும் அமைப்பையே மாற்ற முனைந்தார். மன்னிப்பைவிட இது கடினமான வழி என்பதில் ஐயமில்லை.

இங்குச் சொல்லாட்சி கருதத்தக்கது. மத்தேயு 6:12இல் உள்ள கிரேக்கச் சொல் கடன்பாட்டைக் குறிப்பது. பழைய சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பு அதனைக் ‘கடன்’ என்றே தந்தது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் ‘குற்றம்’ என்றது. தமிழில் ‘கடன்’ என்பதற்குக் கடமை என்ற பொருளும் தொன்மையானது. புறநானூற்றின் 312ஆம் பாட்டே சான்று. ஆகவே கடனை மன்னித்தல் என்னும்போது, கடன்பட்டவன் கடமை தவறியவன் என்ற நிழலும் உடன் வருகிறது. உபாகமம் 15 அவ்வாறு பேசவில்லை. ஏழாம் ஆண்டின் முடிவில் நிகழ்வது அங்கு ‘விடுதலை’. கடனாளியின் தகுதி, தவறு, மனந்திரும்பல் எதுவும் வினவப்படுவதில்லை. நாட்காட்டி மட்டுமே விதி. அரசு வழக்கிலுள்ள ‘தள்ளுபடி’யோ கணக்கேட்டுச் சொல்.

தள்ளுபடி செய்தால் இனி யார் கடன் தருவார் என்னும் வங்கியாளரின் வினாவை அதே அதிகாரத்தின் 9ஆம் வசனம் முன்னறிந்துள்ளது: விடுதலை ஆண்டு நெருங்குகிறதென எண்ணி ஏழைக்குக் கடன் மறுப்பதை அது கண்டிக்கிறது. கண்டனம் மட்டும் போதவில்லை என்பதையும் வரலாறு காட்டும். கடன் வழங்கல் நின்றுபோவதைக் கண்ட யூத அறிஞர் இல்லேல், கடன் உரிமையை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து விடுதலையிலிருந்து விலக்கும் ‘புரோசுபுல்’ என்ற ஆவணத்தை ஏற்படுத்தினார் என்பது மரபு. அறம் ஏட்டில் நிற்க, ஏழைக்குப் பணம் கிடைத்தது. பாலின் கூட்டுறவு முயற்சியும் இல்லேலின் ஆவணமும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே.

இந்தியாவில் கல்விக் கடனுக்கான மாதிரித் திட்டம் 2001இல் வந்தது. 2009–10 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் 4.5 இலட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களின் மாணவர்க்குப் படிப்புக்கால வட்டியை நடுவண் அரசு ஏற்றது; அசல் அப்படியே நின்றது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டின் அறிக்கைகளும் கல்விக் கடன் தள்ளுபடியை உறுதியளித்தன. தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை பொறியியல், கலைக் கல்லூரிகள் நிறைந்த தென்புறநகரில் இது வெறும் அறிக்கை வரி அன்று. எனினும் மேடையில் ஒலித்தது ‘தள்ளுபடி’ என்ற சொல். திருச்சபைகள் தம் மறைநூலிலுள்ள ‘விடுதலை’யை அவ்விவாதத்திற்குள் கொணர இடம் இருந்தது.

அச்சொல்லை எடுத்தால் மற்றொன்றும் தெளிவாகும். இத்திட்டத்தில் கடன் மாணவரின் பெயரில் மட்டும் நிற்பதில்லை. பெற்றோரும் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுகின்றனர். யூபிலியில் விடுவிக்கப்படுபவன் தன் குடும்பத்திற்கும் தன் முன்னோரின் நிலத்திற்கும் திரும்புகிறான் என்று லேவியராகமம் 25 குறிக்கிறது. அங்கு விடுதலையின் அலகு தனிமனிதன் அல்லன், குடும்பம்.