இரண்டும் ஐந்தும் மட்டும்

ஆதிச்சநல்லூரிலிருந்து தாமிரபரணியோடு கீழே இறங்கினால் கொற்கை, பாண்டியரின் பழைய முத்துத்துறை. முத்தை நிறுத்த கழஞ்சு 20 மஞ்சாடி. மஞ்சாடி இரண்டு குன்றி. 20 என்பது 2×2×5. தமிழ்ப் பின்னங்களின் உயிரும் இந்த இரண்டு பகா எண்களில்தான் இருக்கிறது. மா 1/20, மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. இதன் உச்சம் முதலாம் இராசராசனின் நில அளவை: வேலி என்னும் நில அலகில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டு இறை விதித்தார்கள். அந்தப் பேரெண் 320-ஐ நான்கு முறை பெருக்கி ஐந்தால் பெருக்கியது. 2 இருபத்துநான்கு முறை, 5 ஐந்து முறை, வேறு பகா எண் இல்லை. வகுத்திகள் 150.

வேலியின் அந்தப் பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர்தான்; அதை எந்தக் கோல் அளக்கும் என்று கேட்கலாம். எந்தக் கோலும் அளக்காது. அது கணக்கில் விழுந்த மீதி, அதையும் விடாமல் எழுதிய நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. 24 வகுத்திகள் உள்ள 360 இருக்க, 14 மட்டுமே உள்ள 320 எதற்கு என்பது வலுவான கேள்வி. ஆனால் 360-ஐப் பதினாறால் மீதியின்றி வகுக்க முடியாது. பாதி, கால், அரைக்கால், மாகாணி எனப் பிளந்துகொண்டே போகும் கணக்கனுக்கு மூன்றைவிட இரண்டே வேண்டியிருந்தது.